வான் கோ கற்ற ஆங்கிலம்

வின்சென்ற் வான் கோ என்னும் பெயரைக் கேட்டதும் சூரியகாந்திப் பூக்களும், சுழன்றெழும் இரவு வானமும், வெட்டுண்ட காதும் நம் நினைவுக்கு வருகின்றன. அவ்வோவியரின் வாழ்க்கையை எழுதியோர் பலர். அவருடைய வறுமையை எழுதினர், மனநோயை எழுதினர், தம்பி தியோ காட்டிய அன்பை எழுதினர். நான் இங்கே கூறப் புகுவது இவற்றினின்றும் சற்று விலகியதாகும். ஒல்லாந்தராகிய அவர் ஆங்கில மொழியை எவ்வாறு கற்றார், அதனை எவ்வாறு கையாண்டார், அவர் எழுதிய ஆங்கிலத்தில் தாய்மொழி எங்கெங்கே தலைகாட்டிற்று என்பனவே என் பொருள். மாணவரின் பயிற்சிக் கொப்பிகளைத் திருத்துவதில் நெடுங்காலம் கழித்தவன் ஆதலால், ஒரு பெருங்கலைஞரின் மொழிப் பிழைகள் எனக்கு அவருடைய வண்ணங்களைப் போலவே சிந்தனைக்கு உரியனவாகத் தோன்றுகின்றன.

ஒல்லாந்தர் நமக்குப் புதியவர் அல்லர். 1658 முதல் 1795 வரை அவர்கள் யாழ்ப்பாணத்தை ஆண்டனர். கந்தோர், இலாச்சி, போஞ்சி என நாம் நாள்தோறும் வழங்கும் சொற்கள் அவர்கள் விட்டுச் சென்றவை. ஆனால் அம்மொழியின் சொற்கள் சில நம் நாவில் நிலைத்தனவேயன்றி, அதன் இலக்கண அமைதியை நம்மிற் பெரும்பாலோர் அறியோம். வான் கோவின் ஆங்கிலத்தை விளங்கிக்கொள்வதற்கு அதிற் சிறிது அறிதல் வேண்டும். உரிய இடத்தில் அதனைக் கூறுவேன்.

வின்சென்ற் 1853ஆம் ஆண்டு மார்ச் மாதம் 30ஆந் திகதி, ஒல்லாந்தின் தென்பாகத்திலுள்ள சுண்டெர்ட் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் புரட்டஸ்தாந்து சபைப் போதகர். பதினொரு வயதில் விடுதிப் பாடசாலை ஒன்றிற் சேர்க்கப்பட்ட சிறுவர், 1866இல் தில்பேர்க் நகரத்து உயர்தரப் பாடசாலைக்குச் சென்றார். பிரெஞ்சு, ஜேர்மன், ஆங்கிலம் என்னும் மூன்று அயல்மொழிகளும் அங்கே பாடங்களாக இருந்தன. 1868இல் ஆண்டின் இடையிலேயே அவர் அப்பாடசாலையை விட்டு நீங்கினார். மறு ஆண்டு, தம் பதினாறாவது வயதில், ஹேக் நகரில் இருந்த கூப்பில் என்னும் ஓவிய வணிக நிலையத்தில் உத்தியோகம் ஏற்றார். அந்நிலையத்தின் பங்காளருள் ஒருவர் அவருடைய பெரிய தந்தையார்.

1873ஆம் ஆண்டில் அந்நிலையம் அவரை இலண்டன் கிளைக்கு மாற்றியது. அப்போது அவருக்கு வயது இருபது. பாடசாலையிற் கற்ற ஆங்கிலம் தெருவிலும் கந்தோரிலும் பேசவேண்டிய ஆங்கிலமாக மாறியது அப்பொழுதேயாம். பிரிக்ஸ்ரன் பகுதியில் ஓர் இல்லத்தில் அறை எடுத்துத் தங்கி, தேம்ஸ் நதியைக் கடந்து கால்நடையாகவே வேலைக்குச் சென்று வந்தார். கீற்ஸின் கவிதைகளைப் படித்தார். வாரந்தோறும் படப் பத்திரிகைகளின் அலுவலகங்களுக்கு முன் நின்று, கண்ணாடிப் பலகணியிற் காட்சிக்கு வைத்த புதிய சித்திரங்களைப் பார்ப்பது அவருடைய வழக்கமாயிற்று. நாவல்களுள் டிக்கன்ஸும் ஜோர்ஜ் எலியற்றும் எழுதியவை பின்னாளில் அவருக்கு உயிர்த்துணைகளாயின.

ஒல்லாந்த மொழியும் ஆங்கிலமும் ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவை. தண்ணீருக்கும், கைக்கும், புத்தகத்துக்கும் இரு மொழியிலும் ஏறத்தாழ ஒரே சொல் வழங்குகின்றது. ஆகவே ஒல்லாந்தருக்கு ஆங்கிலம் எளிது என்று எண்ணுவோர் உளர். எளிது என்பது உண்மையே. ஆயின் அந்த எளிமையே கண்ணியாகவும் அமைகின்றது. முற்றும் வேறான மொழியைக் கற்பவன் ஒவ்வோர் அடியையும் பார்த்து வைப்பான். உறவு மொழியைக் கற்பவனோ தெரிந்த வீட்டில் இருளில் நடப்பவனைப் போலத் துணிந்து நடந்து, இடம் மாறிக் கிடக்கும் கதிரையில் இடறுவான்.

சில எடுத்துக்காட்டுகள் கூறுவேன். ஒல்லாந்த மொழியில் 'ஹூ' என்று ஒலிக்கும் சொல் 'எவ்வாறு' எனப் பொருள்படும். ஆங்கிலத்தில் அதே ஒலி 'யார்' எனக் கேட்கும். 'வில்' என்பது அங்கே விருப்பத்தைக் குறிக்கும். இங்கே எதிர்காலத்தைக் காட்டும். கற்றலுக்கும் கற்பித்தலுக்கும் அங்கே வினைச்சொல் ஒன்றே. சொல்லைக் கடந்து வாக்கியத்துக்கு வந்தால் வேறுபாடு இன்னும் ஆழமாகின்றது. 'நேற்று' போன்ற சொல்லை முதலில் வைத்தால் ஒல்லாந்தர் அடுத்து வினையை வைத்து, அதன் பின்னரே எழுவாயை வைப்பர். கேள்வி கேட்கும்போதும் வினையை முன்னே கொணர்வரேயன்றி, ஆங்கிலேயரைப் போல 'டூ' என்னும் துணைவினையைத் தேடுவதில்லை. சார்பு வாக்கியத்தில் வினையை இறுதிக்கு அனுப்புவர். இது தமிழராகிய நமக்கு இனிய செய்தி. எழுதுகிறேன் என்பதற்கும் இப்பொழுது எழுதிக்கொண்டிருக்கிறேன் என்பதற்கும் அவர்களுக்குப் பெரும்பாலும் ஒரே வடிவம் போதும். ஆங்கிலமோ இரண்டையும் பிரித்தே கூறுமாறு கட்டாயப்படுத்தும். நேற்றுக் கண்டேன் என்று முடிந்துபோன செயலைச் சொல்லும்போதும் அவர்கள் 'ஹேவ்' என்பதற்கு நிகரான துணைவினையைத் தயங்காது சேர்ப்பர். ஆங்கில ஆசிரியன் அதனைக் கண்டால் சிவப்பு மையைத் தொடுவான். பெயரடைக்கும் வினையடைக்கும் அவர்களிடம் வடிவ வேறுபாடு இல்லை. இவையனைத்தும் ஒல்லாந்த மாணவர் தலைமுறை தலைமுறையாக இடறும் இடங்கள். இலண்டனில் வந்திறங்கிய வான் கோவும் இவற்றினூடேயே நடக்கவேண்டியிருந்தது.

1875இல் அவர் பரிஸ் நகருக்கு மாற்றப்பட்டார். அக்காலத்தில் அவருடைய உள்ளம் ஓவிய வணிகத்தை விட்டு வேதாகமத்தின்பால் திரும்பிவிட்டது. 1876ஆம் ஆண்டு ஏப்பிரல் முதலாந் திகதியுடன் நிலையம் அவரை வேலையினின்றும் விலக்கியது. அம்மாதமே அவர் மீண்டும் இங்கிலாந்துக்குச் சென்றார். இம்முறை அவர் ஏற்றது ஆசிரியத் தொழில். றாம்ஸ்கேற் என்னும் கடற்கரைப் பட்டினத்தில் ஸ்ரோக்ஸ் என்பவர் நடத்திய சிறு விடுதிப் பாடசாலையில் இருபத்துநான்கு சிறுவர் இருந்தனர். உணவும் உறையுளுமே ஊதியம். ஆங்கிலச் சிறுவருக்கு ஓர் ஒல்லாந்தர் பிரெஞ்சும் கணக்கும் கற்பித்தார், சொல்வதெழுதலும் நடத்தினார். ஆங்கிலத்தை முற்றும் கைவரப்பெறாத ஒருவர் ஆங்கிலத்தைக் கருவியாகக் கொண்டு வேறொரு மொழியைக் கற்பித்த நிலையை எண்ணிப் பாருங்கள். பெற்றோர் வந்து பார்த்துவிட்டுத் திரும்பும்போது சிறுவர் பலகணியில் நின்று நோக்கிய காட்சியை அவர் தம்பிக்கு எழுதினார். அப்பலகணிக் காட்சியைச் சித்திரமாகவும் வரைந்தார்.

ஜூன் மாதத்தில் றாம்ஸ்கேற்றிலிருந்து இலண்டனுக்குப் பெரும்பகுதி வழியைக் கால்நடையாகவே கடந்தார். பின்னர் ஐசில்வேர்த் என்னும் ஊரில் சிலேட் ஜோன்ஸ் என்னும் போதகர் நடத்திய பாடசாலையிற் சேர்ந்தார். அங்கே பாடஞ் சொல்வதோடு தேவாலயப் பணியும் கிடைத்தது. 1876ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 29ஆந் திகதி ஞாயிற்றுக்கிழமை, றிச்மண்ட் நகரத்து மெதடிஸ்த தேவாலயத்தில் அவர் தம் முதற் பிரசங்கத்தைச் செய்தார். பூமியில் நான் அந்நியன் என முறையிடும் 119ஆம் சங்கீதத்தின் வசனத்தையே அவர் எடுத்துக்கொண்டார். வாழ்வு ஒரு யாத்திரை; தாயின் கையிலிருந்து புறப்பட்டுத் தந்தையின் கையைச் சேரும் பயணம்; வழியில் அந்நியராயிருப்பினும் நாம் தனியர் அல்லர் என்பதே பிரசங்கத்தின் சாரம். மேடையில் நின்றபோது நிலத்தடி இருளிலிருந்து வெளிச்சத்துக்கு வந்தவரைப் போலத் தாம் உணர்ந்ததாகத் தம்பிக்குத் தெரிவித்து, பிரசங்கம் முழுவதையும் ஆங்கிலத்திலேயே பிரதி செய்து அனுப்பினார்.

அப்பிரசங்கத்தைப் படிக்குந்தோறும் எனக்கு ஓர் எண்ணம் தோன்றும். அதன் நடையை அவருக்குத் தந்தது இலக்கண நூல் அன்று. ஆங்கில வேதாகமத்தையும் ஞானப் பாட்டுகளையும் மீண்டும் மீண்டும் ஓதியதனாற் பெற்ற ஓசையே அவருடைய வாக்கியங்களைத் தாங்கி நிற்கின்றது. மனப்பாடமான தொடர்கள் வந்தவிடத்து மொழி தடையின்றிச் செல்கின்றது. பிற மொழியிற் பேசப் புகுவோருக்கு மனப்பாடம் எத்துணைப் பெரிய ஊன்றுகோல் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். இக்காலத்து நாம் அதனை மறந்துகொண்டு வருகின்றோம்.

1876இன் இறுதியில் அவர் ஒல்லாந்துக்குத் திரும்பினார். 1877இன் தொடக்கத்தில் டோட்ரெக்ட் நகரத்துப் புத்தகசாலை ஒன்றிற் சில மாதம் வேலை பார்த்தார். வேலை நேரத்தில் அவர் மேசையருகே நின்று செய்துகொண்டிருந்த காரியம் உடனிருந்தோருக்கு வியப்பளித்தது. தாளைப் பத்திகளாகப் பிரித்து, வேதாகமத்தின் ஒரே பகுதியை ஒல்லாந்தம், பிரெஞ்சு, ஜேர்மன், ஆங்கிலம் என நான்கு மொழியிலும் அருகருகே எழுதிக்கொண்டிருந்தார். ஒரு கருத்து நான்கு மொழியில் எவ்வெவ்வாறு நிற்கின்றது என்று ஒப்புநோக்கிக் கற்கும் முறையை எவரும் அவருக்கு விதிக்கவில்லை. தாமே கண்டுகொண்டார்.

இனி வருவது இதற்கு நேர்மாறானது. போதகராவதற்குப் பல்கலைக்கழகம் புகவேண்டும். அதற்கு நுழைவுப் பரீட்சை தேறவேண்டும். பரீட்சைக்கு இலத்தீனும் கிரேக்கமும் வேண்டும். 1877 மே மாதத்தில் ஆம்ஸ்டர்டாம் சென்று, மெண்டஸ் ட கொஸ்தா என்னும் இளம் புலவரிடம் அவ்விரு மொழிகளையும் படிக்கத் தொடங்கினார். ஆசிரியர் அன்புடையவர், மாணவர் உழைப்பில் குறைவற்றவர். எனினும் கிரேக்க வினைத்திரிபுகள் அவருக்குப் பெருஞ்சுமையாயின. கடமையிற் தவறியதாக எண்ணிய நாட்களில் அவர் தம்மைத் தாமே தடியால் அடித்துக்கொண்டார் என்று ஆசிரியர் பிற்காலத்தில் எழுதிவைத்தார். ஏழைகளுக்கு ஆறுதல் சொல்ல விரும்பும் ஒருவனுக்கு இந்த இலக்கணக் கொடுமை எதற்கு என்று மாணவர் கேட்டபோது, ஆசிரியரும் உள்ளத்தில் அதனை ஒப்புக்கொண்டாராம். 1878இல் படிப்பு நின்றது.

நான்கு வாழும் மொழிகளில் உலவிய ஒருவர் இரு பழைய மொழிகளின் முன் தோற்றதற்குக் காரணம் என்ன? அறிவுக் குறைவு என்று கூறல் பொருந்தாது. அவருக்கு மொழி என்பது ஒருவரிடம் செல்லும் வழி. ஆங்கிலத்தின் மறுமுனையில் இலண்டன் ஏழைகளும் டிக்கன்ஸின் மாந்தரும் நின்றனர். கிரேக்க வினைத்திரிபுகளின் மறுமுனையிற் பரீட்சை மாத்திரமே நின்றது என நான் கருதுகிறேன்.

அதன் பின் பெல்ஜியத்தின் பொறினாஜ் நிலக்கரிப் பகுதிக்கு ஊழியராகச் சென்றார். அங்கே சுரங்கத் தொழிலாளர் பேசிய கிளைமொழி விளங்குதற்கு அரிதாயிருந்தது. சாதாரண பிரெஞ்சையே விரைந்து சரளமாகப் பேசினால் அது அவர்கள் பேச்சை ஒத்துவிடும் என்று கண்டு, அவ்வாறே பேசினார். ஆயினும் 1879இல் அவருடைய நியமனம் நீடிக்கப்படவில்லை. பேச்சுவன்மை போதாது என்பது மேலிடம் காட்டிய காரணங்களுள் ஒன்று. 1880இல், தம் இருபத்தேழாவது வயதில், ஓவியமே தம் தொழில் எனத் துணிந்தார்.

ஓவியரான பின்னும் ஆங்கிலம் அவரை விட்டு நீங்கவில்லை. 1882இல் ஹேக் நகரில் வரைந்த இரு புகழ்பெற்ற சித்திரங்களில் ஆங்கிலத்திலேயே தலைப்பெழுதினார். குனிந்திருக்கும் பெண்ணின் சித்திரத்துக்குத் துயரம் என்றும், முகத்தைக் கைகளிற் புதைத்திருக்கும் முதியவரின் சித்திரத்துக்கு நித்தியத்தின் வாயிலில் என்றும் பொருள்படுவன அவை. 1883இல் 'கிராபிக்' என்னும் இலண்டன் படப் பத்திரிகையின் இருபத்தொரு தொகுதிகளை வாங்கினார். அதற்குச் சித்திரம் வரையும் நாளைக் கனவு கண்டார். அக்கனவு நிறைவேறவில்லை.

1886இன் தொடக்கத்தில், அந்துவேர்ப் நகரத்து ஓவியக் கல்லூரியில் லிவன்ஸ் என்னும் ஆங்கில மாணவர் அவருக்கு நண்பரானார். அவ்வாண்டிலேயே பரிஸ் சென்ற வான் கோ, அங்கிருந்து லிவன்ஸுக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினார். மொழி ஆசிரியருக்கு அது கிடைத்தற்கரிய சான்று. தாம் பரிசுக்கு வந்த நாள் முதல் நண்பரை நினைத்து வருவதைக் கூறும் தொடக்க வாக்கியத்திலேயே, 'சின்ஸ்' என்னும் சொல்லுக்குப் பின் 'ஆம்' என்னும் நிகழ்கால வினையை வைத்தார். ஆங்கிலேயர் அவ்விடத்தில் 'ஹேவ் பீன்' என்பர். சற்றுக் கீழே, பணம் இல்லாமையால் மனித உருவங்களை வரைய மாதிரிகளை அமர்த்த முடியவில்லை, இன்றேல் முழுவதும் அதிலேயே ஈடுபட்டிருப்பேன் என்று கூறவந்தவர், 'வுட் ஹேவ்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'ஹாட்' என்று மாத்திரம் எழுதினார்.

இவ்விரண்டும் ஒல்லாந்த மொழியின் சுவடுகள். முன்னே தொடங்கி இன்னும் தொடரும் நிலையை அம்மொழி நிகழ்காலத்தாற் கூறும். நடவாத காரியத்தை அது கடந்த காலத் துணைவினையொன்றினாலேயே கூறவல்லது. இவ்விடத்தில் நம் மொழியையும் ஒப்புநோக்குதல் பயன் தரும். பத்து ஆண்டுகளாக இங்கே இருக்கிறேன் என்று தமிழரும் நிகழ்காலத்தாற் கூறுவர். எனவே முதற் பிழையை நம் மாணவரும் அப்படியே செய்வர். இரண்டாவதை அவர்கள் எளிதிற் செய்யார். ஈடுபட்டிருப்பேன் என்னும் நம் வினையில் எதிர்கால இடைநிலை இருப்பதனால், ஆங்கிலத்தின் 'வுட்' நமக்கு இயல்பாகவே பொருந்துகின்றது. ஆகவே பிழை என்பது அறியாமையின் வெறுமை அன்று. அது மற்றொரு மொழியின் ஒழுங்கு. எழுதுபவன் எந்த வீட்டிலிருந்து வருகின்றான் என்பதை அது காட்டும்.

ஈராண்டு கழித்து, 1888இல் தென் பிரான்சின் ஆர்ள் நகரிலிருந்து றஸ்ஸல் என்னும் அவுஸ்திரேலிய ஓவியருக்கு எழுதிய கடிதத்தைப் பாருங்கள். நெடுநாளாக எழுத விரும்பியிருந்ததைச் சொல்லும் அதன் முதல் வாக்கியத்தில், தொடர்நிலையைக் காட்டும் கடினமான ஆங்கில வினைவடிவம் பிழையின்றி அமைந்திருக்கின்றது. தாளை விரைந்து நிரப்பாவிட்டால் மறுபடி வரையத் தொடங்கிவிடுவேன் என்று கூறுமிடத்தில் 'வுட்' தன் இடத்தில் நிற்கின்றது. கடிதம் எழுதிக்கொண்டிருக்கும்போதே அன்று கண்ட சிறுமியின் தலையை அத்தாளில் வரைந்துவிட்டதாகவும் கூறுகின்றார். இதனைக் கொண்டு ஈராண்டில் அவர் ஆங்கிலத்தில் தேறிவிட்டார் என நான் சொல்லேன். சரியும் பிழையும் ஒருவரிடத்தே பக்கம் பக்கமாக வாழ்வதுண்டு. சரியான வடிவம் அவர் செவியில் இருந்தது என்பதுமட்டும் உறுதி.

அவ்வாண்டின் இறுதியில் நோய் தாக்கியது. 1889 மே மாதத்தில் சென் றெமி என்னும் ஊரிலிருந்த மனநோய் விடுதியிற் சேர்ந்தார். அங்கிருந்து தம்பியிடம் சேக்ஸ்பியர் நாடகங்களின் ஒரு சிலிங் விலைப் பதிப்பைக் கேட்டுப் பெற்றார். தாம் அறிந்த சிறிதளவு ஆங்கிலத்தை மறவாதிருக்க அது உதவும் என்று நன்றி கூறி, இங்கிலாந்து மன்னரைப் பற்றிய நாடகங்களை மூலமொழியிலேயே படித்தார். 1890இல், முன்பு ஆங்கிலத் தலைப்பிட்ட அந்த முதியவரின் உருவத்தை மீண்டும் வண்ணத்தில் தீட்டினார். அவ்வாண்டு ஜூலை 29ஆந் திகதி, பரிசுக்கு அண்மையிலுள்ள ஓவேர் என்னும் ஊரில், துப்பாக்கிக் காயத்தினால் உயிர் நீத்தார். வயது முப்பத்தேழு. ஆறு மாதத்துள் தம்பி தியோவும் இறந்தார்.

எண்ணூறுக்கு மேற்பட்ட அவருடைய கடிதங்கள் எஞ்சியுள்ளன. ஆம்ஸ்டர்டாமிலுள்ள வான் கோ அருங்காட்சியகத்தார் அவற்றை 2009இல் முழுத்தொகுதியாக வெளியிட்டனர். பெரும்பாலானவை ஒல்லாந்தத்திலும் பிரெஞ்சிலும் அமைந்தவை. ஆங்கிலத்தில் உள்ளவை மிகச் சில. அச்சிலவற்றுள் லிவன்ஸுக்கு எழுதியது ஒன்றைப் பற்றி இன்னும் ஒரு செய்தி கூறவேண்டும். அக்கடிதத்தின் பிற்பகுதியில், தாம் விரும்பி அன்றி விதியினால் அலைபவராயினதையும், தம் குடும்பத்திலும் தம் நாட்டிலும் உணர்ந்த அளவு அந்நியத்தன்மையை வேறெங்கும் உணர்ந்ததில்லை என்பதையும் எழுதுகின்றார். பத்தாண்டுக்கு முன் றிச்மண்ட் தேவாலயத்திற் பிரசங்கித்த அதே பொருள், இப்பொழுது வேதவசனத்தின் துணையின்றி, அவருடைய சொந்த ஆங்கிலத்தில் வருகின்றது.

ஆசிரியராயிருப்போருக்கும் ஆசிரியராகப் போகும் மாணவருக்கும் நான் கூற விரும்புவது இதுவே. அக்கடிதம் பயிற்சிக் கொப்பியில் நம்மிடம் வந்திருந்தால் முதல் வரியிலேயே சிவப்புக் கோடு இட்டிருப்போம். கோடு இடுவதில் தவறில்லை. 'சின்ஸ்' என்பதன் பின் எவ்வினை வரும் என்பதை மாணவன் அறியத்தான் வேண்டும். ஆனால் பிழை எந்த மொழியிலிருந்து வந்தது என்று அவனுக்கு எடுத்துக்காட்டி, பின்பு கடிதத்தை இறுதிவரை படித்து, அவன் சொல்லவந்தது என்ன என்பதையும் கேட்டல் வேண்டும்.